முரணும் முரண்போலத் தோன்றுவதும்

தமிழ்நாட்டுச் சமய வரலாற்றில் 'அத்தி நாத்தி' என்னும் இரு சொற்கள் நெடுங்காலமாகச் சமணரின் அடையாளமாகவே வழங்கிவந்தன. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் புனல்வாதக் கதையில், சமணர் ஏட்டில் எழுதி வைகையாற்றில் இட்டதாகச் சொல்லப்படுவன இவ்விரு சொற்களே. அத்தி என்பது வடமொழி 'அஸ்தி'. உளது என்பது பொருள். நாத்தி என்பது 'நாஸ்தி'. இலது என்பது பொருள். ஒரே பொருளை உளது என்றும் இலது என்றும் சொல்லுவது முரண்பாடு அன்றோ என்பது பிற சமயத்தார் கேட்ட கேள்வி. முரண்பட்ட ஒன்றைத் தத்துவம் என்று வைத்துக்கொண்ட சமயம் என்னும் பழியும் அதனால் எழுந்தது.

அப்பழிக்கு விடை கூற முற்பட்டபோது, முரண் என்பது யாது, எது மெய்யான முரண், எது முரண்போலத் தோன்றுவது என்னும் நுட்பமான ஆராய்ச்சி சமண நூல்களில் வளர்ந்தது. அவ்வாராய்ச்சியை விளங்கிக்கொள்ள வேண்டிய தமிழ்ச் சொற்கள் சிலவற்றைத் தமிழ் இலக்கணத்தில் நிலைபெறச் செய்தவர்களும் சமண ஆசிரியர்களே. சொற்களின் வழியே சென்றால் தத்துவத்தின் வாயில் எளிதில் திறக்கும்.

முரண் என்னும் சொல்

சங்க நூல்களில் முரண் என்னும் சொல்லுக்கு வலிமை, பகை, போர் என்னும் பொருள்கள் உண்டு. வலிமையுடைய இரண்டு எதிரெதிர் நிற்பதே பகையும் போரும் ஆதலால் இப்பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை எனக் கொள்ளலாம். போர்க்களத்துச் சொல்லாகிய இது செய்யுளுக்குள்ளும் புகுந்தது. சொல்லாலோ பொருளாலோ மாறுபட்டவற்றை அடிகளில் எதிரெதிரே அமைப்பதைத் தொல்காப்பியம் முரண் தொடை என்று வகுத்தது. யாப்பருங்கலம், யாப்பருங்கலக்காரிகை ஆகிய நூல்களை இயற்றிய சமண ஆசிரியர் அமிதசாகரர், மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்னும் ஐந்து தொடைகளுள் ஒன்றாக அதை வைத்தார். ஓரடி 'இருள்' என்று தொடங்க, அடுத்த அடி 'ஒளி' என்று தொடங்கினால் அது முரண் தொடை. இங்கே முரண் குற்றம் அன்று, அழகு. இருளின் அருகில் நிற்பதால் ஒளி விளங்குகிறது. ஒளியின் அருகில் நிற்பதால் இருள் விளங்குகிறது.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் சமணரே. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அவர் எண்ணும்போது, குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்பவற்றை அடுத்து, மாறுகொளக் கூறல் என்பதை வைக்கிறார். முன்னர் ஒன்றைச் சொல்லிப் பின்னர் அதற்கு மாறானதைச் சொல்லுவதே மாறுகொளக் கூறல். ஒரு சமண ஆசிரியர் முரணை அழகென்றார். மற்றொரு சமண ஆசிரியர் மாறுகோளைக் குற்றமென்றார். இவ்விருவர் கூற்றும் தம்முள் மாறுபடுவன அல்ல. மாறுபட்ட இரண்டு பொருள்களை அருகருகே வைப்பது வேறு. ஒரே பொருளை ஒரே கருத்தில் ஆம் என்றும் அன்று என்றும் சொல்லுவது வேறு. முன்னதற்கு முரண் என்றும் பின்னதற்கு மாறுகோள் என்றும் தனித்தனிச் சொற்கள் இருந்ததால் அக்காலத்தார் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

மூன்றாவது ஒன்றும் உண்டு. கேட்ட மாத்திரத்தில் மாறுகோள் போலத் தோன்றி, ஆராய்ந்த அளவில் மாறுபாடு நீங்கிப் பொருள் விளங்குவது அது. கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் எது என்னும் விடுகதை இதற்கு எளிய எடுத்துக்காட்டு. செல்வம் என்றால் கொடுத்தால் குறையவேண்டும். குறையாது என்றால் அது செல்வம் ஆகாது. கல்வி என்று விடை தெரிந்ததும் முரண் மறைந்துவிடுகிறது. மாறுபட்ட சொல்லையும் பொருளையும் கொண்டு செய்யுள் சிறக்கும் இவ்வகையைத் தண்டியலங்காரம் விரோத அணி என்னும் பெயரால் விளக்குகிறது.

கிரேக்கர் வழங்கிய 'பாரடாக்ஸ்' என்னும் சொல்லும் இம்மூன்றாவதைக் குறிக்கவே தோன்றியது. 'பாரா' என்றால் மாறாக. 'டாக்சா' என்றால் கருத்து. உலகத்தாரின் பொதுக் கருத்துக்கு மாறானது என்பதே அதன் நேர்ப்பொருள். பொய்யானது என்பது அன்று. உரோமானிய அறிஞர் சிசரோ, ஸ்டோயிக் தத்துவத்தாரின் இத்தகைய கூற்றுகளை ஆராய ஒரு தனி நூலே எழுதினார். அறிவுடையவனே செல்வன், அறிவுடையவனே சுதந்திரமானவன் என்பன அவற்றுள் இரண்டு. யாதும் தமக்கென வைத்துக்கொள்ளாத திகம்பர முனிவரை உலகில் குறைவற்றவர் என்று வணங்கும் மரபினர்க்கு இக்கூற்றுகள் புதியன அல்ல.

இன்றைய தமிழில் இம்மூன்றையும் முரண், முரண்பாடு என்னும் சொற்களாலேயே சுட்டுகிறோம். எதிர்நிலையும் முரண், பொய்யான மாறுகோளும் முரண், மெய்யான விரோத அணியும் முரண். சொல் ஒன்றாகிவிட்டதால் பொருளும் ஒன்றென்னும் மயக்கம் வந்தது. அத்தி நாத்தியை இம்மூன்றில் எதில் வைப்பது என்பதே வழக்கின் மையம். பிற சமயத்தார் அதை மாறுகோள் என்றனர். சமண ஆசிரியர்கள், அது மாறுகோளாகத் தோன்றுவதேயன்றி மாறுகோள் அன்று என்றனர்.

பயறும் கும்மாயமும்

சமணரின் கொள்கையைத் தமிழில் மிக எளிய உவமையால் எடுத்துச் சொல்லும் பழைய நூல்களுள் ஒன்று பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலை. அதன் 27-ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளை மணிமேகலை கேட்கிறாள். அவர்களுள் நிகண்டவாதியும் ஒருவன். பொருள்கள் நித்தியமாகவும் அநித்தியமாகவும் நிற்பன. தோற்றம், நிலை, கேடு என்னும் மூன்றும் ஒரு கணத்திலேயே பொருளுக்கு உரியன என்று அவன் கூறுகிறான். அதற்கு வேம்பையும் பயற்றையும் காட்டுகிறான். பயற்றை வேகவைத்துக் கும்மாயம் செய்தால் பயறு என்னும் உருவம் அழிந்துவிடுகிறது. ஆயினும் பயற்றின் தன்மை அழிவதில்லை.

அடுக்களையில் நாள்தோறும் நடப்பதொன்றை எடுத்துக்காட்டி விளக்கப்பட்ட தத்துவம் இது. கும்மாயத்தில் பயறு இருக்கிறதா, இல்லையா என்று கேட்டால், தன்மையால் இருக்கிறது, உருவத்தால் இல்லை என்பதே நேர்மையான விடை. இருக்கிறது என்று மட்டும் சொன்னாலும் குறை. இல்லை என்று மட்டும் சொன்னாலும் குறை.

அதே காப்பியத்தின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நூல் கூறுகிறார். அங்கே ஏதுப்போலிகள் என்னும் குற்றமுள்ள காரணங்களை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாக வகுக்கிறார். விருத்தம் என்பது நிறுவ வந்ததற்கு நேர்மாறானதையே நிறுவிவிடும் காரணம். அநைகாந்திகம் என்பது ஒருபக்கமாக முடியாமல் இருபக்கமும் சாயும் காரணம். அதன் உட்பிரிவுகளுள் விருத்த வியபிசாரி என்பதும் ஒன்று. ஒலி செயலால் தோன்றுவதாதலால் அநித்தியம் என்று ஒருவரும், ஒலி செவிக்குப் புலனாவதாதலால் நித்தியம் என்று மற்றொருவரும் கூறி, இரண்டு காரணங்களும் தம்மளவில் நிற்பதால் முடிவு காணமுடியாமற்போகும் நிலை அது.

இங்கே ஒரு சொல்லின் வரலாறு கவனிக்கத்தக்கது. பௌத்தரின் அளவை நூலில் 'அநைகாந்திகம்' குற்றத்தின் பெயர். சமணரின் மெய்ப்பொருள் நூலில் 'அநேகாந்தம்' தலையாய கொள்கையின் பெயர். இரண்டும் ஒரே வேரினின்று பிறந்தவை. ஒரு காரணம் இருபக்கம் சாய்வது காரணத்தின் குற்றம். ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் இருப்பது பொருளின் இயல்பு. பொருளின் இயல்பைக் காரணத்தின் குற்றமாகக் கருதியதே சமணத்தின்மேல் வந்த பழிக்கு ஒரு வித்து எனலாம்.

ஒருதலையும் பலதலையும்

ஏகாந்தம் என்னும் சொல் இன்றைய தமிழில் தனிமையைக் குறிக்கிறது. சமண நூல்களில் அதன் பொருள் வேறு. ஏகம் என்பது ஒன்று. அந்தம் என்பது முடிவு அல்லது பக்கம். பொருளின் ஒரு பக்கத்தைக் கண்டு அதுவே முழுமை என்று பற்றுவது ஏகாந்தம். பல பக்கங்களையும் ஒப்புக்கொள்வது அநேகாந்தம். ஏகாந்தம் என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் ஒருதலை. நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள், இருவர் மாறுபடக் கொண்டவற்றுள் ஒன்றைத் துணிதலும் இடம்பெறுகிறது. அவ்விடத்தில் பவணந்தியார் ஆளும் சொல்லும் ஒருதலை என்பதே. இன்று நீதி தவறிய தீர்ப்பை ஒருதலைப்பட்சம் என்று குறைகூறும் ஒவ்வொருவரும் தம்மையறியாமல் ஏகாந்தத்தையே குறைகூறுகின்றனர்.

ஆசிரியர் குந்தகுந்தர் தம் பஞ்சாஸ்திகாயத்தில் பொருளைப் பற்றிய ஏழு கூற்றுகளை எண்ணியுள்ளார். பொன்னூர் மலையில் வணங்கப்படும் திருவடிகள் அவருடையவை என்பது தமிழ்ச் சமணர் போற்றும் மரபு. அவ்வேழு கூற்றுகளையும் வாதமேடைக்கு உரிய முழுமையான அளவையாக வளர்த்தவர் சமந்தபத்திரர். காஞ்சியோடு அவரைத் தொடர்புபடுத்துவது மரபு. அவருடைய ஆப்தமீமாம்சை 114 சுலோகங்களால் ஆனது. தேவாகமம் என்றும் வழங்கப்படும். உண்மை, இன்மை, ஒருமை, வேற்றுமை, நித்தியம், அநித்தியம் என எதிரெதிரான கொள்கைகளை இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தனித்து நின்றால் எவ்வாறு குறைபடுகிறது என்று அந்நூல் காட்டுகிறது. கரந்தை, திருப்பறம்பூர் முதலிய ஊர்களின் மரபில் போற்றப்படும் அகளங்கர் அதற்கு அஷ்டசதி என்னும் விளக்கத்தையும், அதன்மேல் வித்யானந்தர் அஷ்டசகஸ்ரீ என்னும் பேருரையையும் இயற்றினர்.

பொற்குடமும் பால் விரதமும்

ஆப்தமீமாம்சையின் 59-ஆம் சுலோகம் ஒரு பொற்குடத்தை எடுத்துக்காட்டுகிறது. பொற்குடத்தை உருக்கி முடியொன்று செய்கின்றனர். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். முடியை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னை மட்டும் விரும்பியவன் வருத்தமும் மகிழ்ச்சியும் இன்றி நடுவுநிலையில் இருக்கிறான். ஒரே நிகழ்ச்சி மூவர்க்கும் மூன்று விதமாக அமைகிறது. மூவருடைய உணர்ச்சியும் காரணமற்றது அன்று. குடம் மெய்யாகவே அழிந்தது. முடி மெய்யாகவே தோன்றியது. பொன் மெய்யாகவே நிலைத்தது. கேடும் தோற்றமும் நிலையும் ஒரே பொருளில் ஒருங்கே இருப்பதற்கு அம்மூவருடைய உள்ளங்களே சான்று.

அடுத்த சுலோகம் விரதத்தை எடுத்துக்காட்டுகிறது. பால் மட்டும் உண்பது என்று விரதம் பூண்டவர் தயிர் உண்பதில்லை. தயிர் மட்டும் உண்பது என்று விரதம் பூண்டவர் பால் உண்பதில்லை. பசுவின் பயனே வேண்டாம் என்று விரதம் பூண்டவர் இரண்டையும் உண்பதில்லை. பாலும் தயிரும் வேறு என்பதால் முதல் இருவரின் விரதம் பொருளுடையதாயிற்று. பாலும் தயிரும் ஒன்று என்பதால் மூன்றாமவரின் விரதம் பொருளுடையதாயிற்று. வேறும் ஆம், ஒன்றும் ஆம் என்பது நூலறிஞரின் சொல்விளையாட்டாக இருந்திருந்தால், விரதம் காக்கும் இல்லறத்தாரின் அன்றாட வாழ்வு அதன்மேல் நடந்திராது.

ஊழும் ஆள்வினையும்

தமிழர் அனைவரும் அறிந்த பெரிய முரண் ஒன்று திருக்குறளிலேயே இருக்கிறது. 38-ஆம் அதிகாரமாகிய ஊழ், ஊழினும் வலியது எதுவுமில்லை என்று முடிகிறது. 62-ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையோ, தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்று முடிகிறது. ஊழ் எல்லாவற்றிலும் வலிது என்றால் அதை ஒருவர் புறங்காண்பது எவ்வாறு? புறங்காணலாம் என்றால் அது எல்லாவற்றிலும் வலிதாவது எவ்வாறு? குறளை ஆசிரியர் குந்தகுந்தராகிய ஏலாசாரியரின் நூலாகப் போற்றிவரும் தமிழ்ச் சமணர்க்கு இக்கேள்வி இன்னும் நெருக்கமானது. வினைப்பயனை நம்புகிறவர் எதற்காக முயல வேண்டும் என்று பிற சமயத்தார் கேட்கும் கேள்வியும் இதுவே. மகனின் தேர்வும் மகளின் திருமணமும் தள்ளிப்போகும்போது வீட்டுப் பெரியவர் தம் மனத்துள் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதுவே.

ஆப்தமீமாம்சையின் 8-ஆம் பகுதி தெய்வம், பௌருஷம் என்னும் பெயர்களால் இவ்விரண்டையும் ஆராய்கிறது. தெய்வம் என்பது இங்கே முன்வினை. பௌருஷம் என்பது முயற்சி. எல்லாம் முன்வினையாலேயே ஆகும் என்றால், அம்முன்வினை முதலில் முயற்சியாலன்றி எவ்வாறு உண்டாயிற்று? முன்வினையே முன்வினையை ஆக்கும் என்றால் வீடுபேறு ஒருநாளும் கிட்டாது, முயற்சி வீணாகும். எல்லாம் முயற்சியாலேயே ஆகும் என்றால், முயன்ற உயிர்கள் அனைத்தும் ஒருபோலப் பயன்பெற வேண்டும். உலகில் அவ்வாறு காணப்படவில்லை. ஆகவே இரண்டு ஏகாந்தங்களும் நில்லா. சமந்தபத்திரர் தரும் வரையறை தெளிவானது: எண்ணாமலே வந்தடையும் நன்மை தீமைகளில் முன்வினை முதன்மை பெறுகிறது, எண்ணி முயன்று அடையும் நன்மை தீமைகளில் முயற்சி முதன்மை பெறுகிறது.

இவ்வரையறையைக் கொண்டு பார்த்தால் குறளின் இரண்டு அதிகாரங்களும் மாறுகொளக் கூறல் என்னும் குற்றத்துக்கு ஆளாவதில்லை. வந்துவிட்டதை ஏற்கும் மனத்துக்கு ஒன்று சொல்லப்பட்டது; செய்யவேண்டியதில் தளரும் மனத்துக்கு மற்றொன்று சொல்லப்பட்டது. இரண்டையும் இடம் மாற்றிக்கொள்வதே துன்பத்துக்குக் காரணம். வந்ததற்கு வருந்தி முயற்சியைப் பழிப்பவரும், வரவேண்டியதற்கு முயலாமல் ஊழைப் பழிப்பவரும் ஒருதலையாளரே.

மறுப்பும் விடையும்

பிரம்ம சூத்திரத்தின் 2-ஆம் அத்தியாயம் 2-ஆம் பாதத்தில் சமணக் கொள்கை மறுக்கப்படுகிறது. ஒன்றிலேயே மாறுபட்ட பண்புகள் இருத்தல் இயலாது என்பது அதன் கருத்து. அதற்கு உரைகண்ட சங்கரர், குளிர்ச்சியும் வெம்மையும்போல உண்மையும் இன்மையும் ஓரிடத்தில் ஒருங்கே இரா என்கிறார். உறுதியற்ற அறிவு ஐயத்தைப் போன்றதாதலால் அளவையாகாது என்கிறார். எதையும் உறுதியாகக் கூறாத ஆசிரியரின் சொல்லைக் கேட்டு மாணாக்கர் எவ்வாறு ஒழுகுவர் என்றும் வினவுகிறார். மிகவும் வலிய மறுப்பு இது.

இம்மறுப்புக்கான விடை 'சியாத்' என்னும் ஒரு சிறு சொல்லில் அடங்கியுள்ளது. வடமொழி வழக்கில் அச்சொல் 'இருக்கலாம்' என்றும் பொருள்படும். அதனால் சியாத்வாதத்தை ஐயவாதம் என்று பலர் கொண்டனர். சமண ஆசிரியர்களோ அதை 'ஒருவகையால்' என்னும் பொருளுடைய இடைச்சொல்லாகவே வழங்கினர். அதனுடன் 'ஏவ' என்னும் உறுதிச் சொல்லையும் சேர்த்தனர். தமிழில் அதற்கு நேரானது தேற்றேகாரம். ஆகவே 'ஒருவேளை உளதாகலாம்' என்பது சியாத்வாதம் அன்று. 'ஒருவகையால் உளதே' என்பதே சியாத்வாதம். ஒருவகையால் என்பது எல்லையைக் காட்டும். ஏகாரம் அவ்வெல்லைக்குள் உறுதியைக் காட்டும். எல்லையும் உறுதியும் ஒருங்கே அமைந்த கூற்றில் ஐயத்துக்கு இடமில்லை.

எல்லையை வகுக்கும் அளவுகோல்கள் நான்கு: திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம். ஒரு குடம் மண்ணால் உளது, பொன்னால் இலது; வந்தவாசியில் உளது, காஞ்சியில் இலது; இன்று உளது, குயவர் வனையுமுன் இலது; சிவப்பாக உளது, கருப்பாக இலது. தன் திரவியம் முதலியவற்றால் உண்மையும் பிறவற்றின் திரவியம் முதலியவற்றால் இன்மையும் ஒவ்வொரு பொருளுக்கும் உண்டு. இன்மை இல்லையென்றால் குடம் துணியாகவும் தூணாகவும் ஆகிவிடும். குளிர்ச்சியும் வெம்மையும் ஓரிடத்தில் ஒரே வகையால் இரா என்பதைச் சமண ஆசிரியர்கள் மறுக்கவில்லை. ஒரே வகையால் உளது, இலது என்று அவர்கள் ஒருபோதும் சொல்லவுமில்லை. பவணந்தியார் விலக்கிய மாறுகொளக் கூறலைச் சியாத்வாதமும் விலக்குகிறது.

உளது, இலது, இரண்டையும் ஒருசேர ஒரே சொல்லால் சொல்ல ஒண்ணாமை என மூலக் கூற்றுகள் மூன்று. அவற்றைத் தனித்தனியாகவும், இரண்டிரண்டாகவும், மூன்றும் சேர்த்தும் அமைத்தால் 3, 3, 1 என ஏழு கூற்றுகள் கிடைக்கும்; எட்டாவது இல்லை. இதுவே சப்தபங்கி. ஒருசேரச் சொல்ல ஒண்ணாமையை அவக்தவ்வியம் என்பர். பொருளில் உள்ள குறை அன்று அது. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வரக்கூடியன என்னும் மொழியின் எல்லை.

அநேகாந்தமும் அநேகாந்தமா?

சங்கரரின் மறுப்பில் மற்றொரு கூர்மையான பகுதியும் உண்டு. எல்லாப் பொருளும் அநேகாந்தம் என்று தடையில்லாமல் கூறினால், அக்கூற்றும் ஒரு பொருளே ஆதலின் அதுவும் ஒருவகையால் உளது, ஒருவகையால் இலது என்றாகி, எதுவும் உறுதிப்படாமற்போகும் என்பது அது. தன்னையே சுட்டும் கூற்றுகளில் எழும் இச்சிக்கலைக் கிரேக்கரும் அறிந்திருந்தனர். நான் இப்போது சொல்லுவது பொய் என்று ஒருவன் சொன்னால் அது மெய்யா, பொய்யா என்று அவர்கள் கேட்ட கேள்வி இவ்வினத்தைச் சேர்ந்தது.

இக்கேள்விக்குரிய விடை சமந்தபத்திரரின் சுயம்பு தோத்திரத்தில், அரநாத தீர்த்தங்கரரைப் போற்றும் பகுதியில், முன்னரே இருக்கிறது. அநேகாந்தமும் அநேகாந்தமே என்று அவர் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். பிரமாணம் என்னும் முழு அறிவால் நோக்கும்போது பொருள் அநேகாந்தம். நயம் என்னும் ஒருபக்க அறிவால் நோக்கும்போது, அந்நயம் எடுத்துக்கொண்ட அளவில் ஏகாந்தம். தம் கொள்கைக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பிறர் கொள்கையை அளக்கும் கோலாலேயே தம் கொள்கையையும் அளந்துகொண்டார். அதனால் உறுதி குலையவில்லை. எந்த இடத்தில் எந்த உறுதி உண்டு என்பது தெளிவாயிற்று.

எல்லாம் சரி என்பதா?

அநேகாந்தம் என்றால் எல்லாச் சமயமும் எல்லாக் கருத்தும் ஒருபோலச் சரி என்று பொருள் என இக்காலத்து மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. நூல்கள் அதற்கு இடந்தரவில்லை. நீலகேசிக் காப்பியத்தின் தலைவி அவ்வாறு நினைத்திருந்தால், குண்டலகேசி முதல் பூதவாதி வரை ஒவ்வொருவரையும் தேடிச் சென்று வாதிட்டிருக்கமாட்டாள். 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் சமயதிவாகர உரையோடு அக்காப்பியத்தைப் பதிப்பித்தபோது, வாதத்தில் தளராத ஒரு சமணப் பெண்ணின் குரல் மீண்டும் தமிழுலகுக்குக் கேட்டது. பல பக்கங்களை ஒப்பும் சமயம் ஏன் பிற சமயங்களை மறுக்கவேண்டும் என்பதும் ஒரு முரண் போலவே தோன்றும்.

அதைத் தீர்ப்பது நயம், துர்நயம் என்னும் வேறுபாடு. ஒரு பக்கத்தைச் சொல்லி மற்றப் பக்கங்களை மறுக்காமல் விடுவது நயம், அது ஏற்கத்தக்கது. ஒரு பக்கத்தைச் சொல்லி மற்றப் பக்கங்கள் இல்லவே இல்லை என்பது துர்நயம், அது மறுக்கத்தக்கது. உயிர் கணந்தோறும் மாறுகிறது என்று பௌத்தர் கூறியதை நீலகேசி மறுக்கவேண்டிய தேவையில்லை. பரியாயத்தால் அது உண்மை. மாறுவதன்றி நிலைப்பது ஒன்றும் இல்லை என்றதையே மறுக்கவேண்டியிருந்தது. நிலைப்பது ஒன்றும் இல்லையென்றால் வினை செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் மற்றொருவன் என்றாகிவிடும். அறத்துக்கே வேர் இல்லாமற்போகும். ஆகவே அநேகாந்தத்தார் மறுப்பது பிறருடைய கண்ணை அன்று. பிறர் தம் கண்ணை மூடிக்கொள்வதை.

1933-இல் சியாத்வாதமஞ்சரியைப் பதிப்பித்த ஆ. பா. துருவர் சியாத்வாதத்தை அறிவுத்துறையில் அகிம்சை என்னும் நோக்கில் விளக்கினார். அவ்விளக்கம் பின்னர் பெரிதும் பரவியது. மேற்கண்ட வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் அதன் பொருள் சரியாக விளங்கும். பிறர் கருத்தைக் கொல்லாமை என்பது பிறர் கருத்தை ஆராயாமை அன்று. அது எந்த வகையால் உண்மை என்று முதலில் தேடிக் கண்டு, அவ்வகையை ஒப்புக்கொண்டு, அதன்பின் அதன் எல்லையைக் காட்டுவதே அகிம்சையான வாதம். எல்லையைக் காட்டாமல் வாளாவிருப்பது பொறுமையாகலாம், அநேகாந்தம் ஆகாது.

இன்று குடும்பத்திலும் ஊர்ச் சபையிலும் எழும் வழக்குகள் பலவற்றில் இருவர் எதிரெதிராகப் பேசுகின்றனர். இருவர் சொல்லும் முரண்படுவதாகக் கேட்போர் முடிவு செய்கின்றனர். பழைய இலக்கணத்தாரின் மூன்று சொற்களை நினைவில் வைத்தால் வழக்கின் பாதி தீரும். வெறும் எதிர்நிலையானால் அது முரண். இரண்டும் இருக்கட்டும் என்று விடலாம். வகை கேட்டவுடன் தீர்வதானால் அது விரோதம் போன்ற தோற்றம்; எந்த வகையால் என்று பொறுமையாகக் கேட்கவேண்டும். ஒரே வகையால் ஆம், அன்று என்று இரண்டும் சொல்லப்படுமானால் மட்டுமே அது மாறுகோள். அதில் ஒன்று பொய். பெரும்பாலான வழக்குகள் இரண்டாம் இனத்தைச் சேர்ந்தவை. வகை சொல்லப்படாததாலேயே அவை மூன்றாம் இனமாகத் தோன்றிப் பகையாக முற்றுகின்றன.

வைகையில் இட்டதாகக் கதை கூறும் ஏட்டில் அத்தி, நாத்தி என்னும் இரு சொற்கள் மட்டுமே இருந்தனவாம். சமண ஆசிரியர்கள் எழுதிய ஏடுகளில் அவற்றுக்கு முன்னால் மூன்றாவது சொல்லும் எப்போதும் இருந்தது. சியாத் என்னும் அச்சொல்லை நீக்கினால் எஞ்சுவது மாறுகோள். சேர்த்தால் கிடைப்பது மெய்ப்பொருள்.